உள் அறை வரை போகிறவர்கள்

மருத்துவத் துறை ஆட்கள் வீடு தேடி வருவது தமிழ்நாட்டில் புதிதில்லை. கிராம சுகாதார செவிலியர் வருவார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு ஆள் வருகிறார். இவர்கள் வரும் நாள் வீட்டுக்கு ஏறக்குறைய தெரியும். பேச்சும் பெரும்பாலும் வாசலிலேயே முடிந்துவிடும். 108 ஆம்புலன்சில் வருகிறவர்கள் அப்படியில்லை. அவர்கள் வரும் நேரத்தில் எந்த வீடும் விருந்தாளிக்கான ஒழுங்கில் இருப்பதில்லை. வண்டியோட்டும் பைலட்டும் நோயாளியைப் பார்க்கும் இ.எம்.டி.யும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நேரே உள் அறைக்குப் போகிறார்கள்.

சில வீடுகளில் அந்த அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும். தண்ணீர்ச் சொம்பு, படுத்திருப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். பிரிக்காத மாத்திரை அட்டைகள். பாயில் ஊறிக் காய்ந்த சிறுநீரின் கறை. மணிக்கட்டைச் சுற்றி, பழைய சேலைத் துணியால் கட்டியதுபோல ஒரு தடம். பாட்டியிடம் கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொல்வார். பாட்டி மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். இதில் எதையும் தனியாக எடுத்துக்கொண்டு குற்றம் என்று சொல்லிவிட முடியாது. மறதிநோய் வந்த தாய் நடுராத்திரியில் ரோட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று வெளியில் தாழிடும் பாசமான பிள்ளைகள் உண்டு. எல்லாம் ஒரே அறையில் சேர்ந்து தெரியும்போதுதான் மனம் நெருடுகிறது.

அரைமணி நேரத்தில் அந்த மூதாட்டி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருப்பார். அங்கே பணியிலிருக்கும் மருத்துவர் பார்ப்பது ஓர் உடம்பைத்தான். அறையும் தாழ்ப்பாளும் சொம்பும் அவர் கண்ணுக்கு வருவதில்லை. கூட வந்தவர் “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க சார்” என்கிறார். ஏ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் விபத்துப் பதிவேட்டில், தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஏறிவிடும். காயத்தில் சந்தேகம் வந்தால் மருத்துவர் அவுட்போஸ்ட் போலீசுக்கு இன்டிமேஷன் அனுப்புவார். அதற்கு நீண்டகால நடைமுறை உண்டு. சந்தேகம் வருவதற்கான பொருட்களோ வீட்டிலேயே தங்கிவிட்டன. அவற்றைப் பார்த்த இ.எம்.டி. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைச் சொல்லி நோயாளியை ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிடுகிறார்.

பார்த்ததைச் சொல்லும் கடமை அவருக்கு உண்டா? சட்டப் புத்தகங்களைப் பிரித்தால், நோயாளியின் வயதையும் நோயையும் பொறுத்து விடை மாறுகிறது. முதல் பார்வையில் இது விசித்திரமாகத் தோன்றும். இரண்டாம் பார்வையிலும் அப்படித்தான்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பது 17 வயதுப் பெண். பாலியல் வன்கொடுமை நடந்திருப்பதாகத் தெரிகிறது. அப்போது ஐயத்துக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில், குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் சிறார் காவல் பிரிவிடமோ காவல் நிலையத்திலோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. இதில் இ.எம்.டி.யும் அடக்கம், பைலட்டும் அடக்கம்.

படுத்திருப்பது 71 வயதுப் பெண் என்றால்? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரும் தீர்ப்பாயத்தை அது உருவாக்கியது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் அதற்குத் தலைமை வகிக்கிறார். கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 23ஆம் பிரிவு இருக்கிறது. செய்தித்தாள்களில் அதிகம் அடிபடுவது இதுதான். பொறுப்பில் உள்ளவர் முதியவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கொடுமையைக் கண்ட மூன்றாம் நபர் யாருக்காவது தெரிவிக்க வேண்டும் என்று இச்சட்டத்தில் ஓரிடத்திலும் இல்லை. சட்டத்தின் கற்பனையில் வரும் முதியவர் கையில் மனுவோடு கோட்டாட்சியர் அலுவலகப் படியேறி வருகிறவர். படுக்கையை விட்டு எழ முடியாதவர் அங்கே தென்படுவதில்லை. தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருப்பது உண்மை. அதற்கும் யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு.

அந்த 71 வயதுப் பெண்ணுக்கு மனநோய் இருந்தால் நிலைமை தலைகீழ். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 101ஆம் பிரிவு, மனநோய் உள்ள ஒருவரை அவரைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவரே கொடுமைப்படுத்துவதாகவோ கவனிக்காமல் விடுவதாகவோ நம்பக் காரணம் உள்ள எவரும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ‘தெரிவிக்கலாம்’ என்ற தளர்வுக்கு அதில் இடமில்லை. காவல் நிலையப் பொறுப்பாளர் அதை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். சட்டத்தின் எந்தப் பிரிவை மீறினாலும் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 108ஆம் பிரிவு பொதுவாகச் சொல்லிவைக்கிறது. எண்ணின் தற்செயல் ஒற்றுமையைப் பாருங்கள்! மனநோய்க்கு அச்சட்டம் தரும் இலக்கணத்தில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு நினைவாற்றலில் ஏற்படும் கடுமையான சீர்குலைவும் சேர்ந்திருக்கிறது. என் வாசிப்பில், முற்றிய மறதிநோய் அதற்குள் வரும். அப்படியானால் மறதிநோய் முற்றிய முதியவரைக் கட்டிலோடு கட்டிப் பட்டினி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகும் இ.எம்.டி. இன்றைக்கே சட்டத்தை மீறியவர் ஆகிறார். இந்தப் பிரிவு ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பேச்சில் அடிபட்டு நான் கேட்டதில்லை.

நினைவெல்லாம் தெளிவாக இருந்து, பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துவிட்டவர் என்றால் அவர் வேறொரு சட்டத்தின் கீழ் போகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 7ஆம் பிரிவின்படி, கொடுமை நடந்ததாகவோ நடப்பதாகவோ நடக்கக்கூடும் என்றோ நம்புகிற எவரும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். இங்கே ‘தரலாம்’ மட்டும்தான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் (2005) அதே தளர்வு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்ற பாதுகாப்பு மட்டும் அதில் கூடுதலாக இருக்கிறது. அச்சட்டம் மனைவிகளுக்கு மட்டுமானது என்று பலர் எண்ணுகிறார்கள். மகனால் அடிபடும் தாயும் அதன்கீழ் வரலாம். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதால், அடிப்பது மருமகளோ மகளோ என்றாலும் வழி உண்டு.

எல்லோரையும் கட்டுப்படுத்தும் பொதுவிதி ஒன்றும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 39ஆம் பிரிவு. சில குற்றங்கள் நடந்ததையோ, நடத்த ஒருவர் எண்ணியிருப்பதையோ அறிந்தவர் காவல் துறைக்கோ நடுவருக்கோ சொல்ல வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. கொலை பட்டியலில் உண்டு. கொள்ளை உண்டு. கள்ளக் காசு அடிப்பதுகூட உண்டு. தாயை அடித்துக் கையை முறிப்பது இல்லை. ஆறு மாதம் பட்டினி போட்டாலும் கொல்லும் எண்ணம் இருந்ததாகக் காட்டும் வரை பட்டியலுக்குள் வராது.

கொல்லும் எண்ணம் என்றதும் தென்மாவட்டக்காரர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும். விருதுநகர், மதுரை வட்டாரங்களில் தலைக்கூத்தல் என்று சொல்லப்படும் வழக்கம். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, பிறகு நாள் முழுக்க இளநீர் கொடுப்பது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் புகட்டுவதும் உண்டு. உடல் வெப்பம் சரிந்து, சிறுநீரகம் கெட்டு, அல்லது நுரையீரலுக்குள் பால் போய் ஓரிரு நாளில் மரணம். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில், தன்னை அனுப்பிவைக்க வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்ட ஒரு முதியவர் உறவினர் வீட்டுக்குத் தப்பிப் போன செய்தி வெளியான பிறகே வெளியுலகம் இதைப் பேசத் தொடங்கியது. பிரியா கிருஷ்ணசுவாமியின் ‘பாரம்’ படம் தேசிய விருது பெற்றது. 2023இல் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. சினிமாவுக்கு எட்டிய விஷயம் அவசர மருத்துவப் பயிற்சிக்கும் எட்டியாக வேண்டும். அப்படியொரு வீட்டிலிருந்து 108க்கு அழைப்பு வருகிறது என்றால், வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகளோ பக்கத்து வீட்டுக்காரரோதான் அழைத்திருக்க வேண்டும். இ.எம்.டி. பார்ப்பது எண்ணெய் வழியும் தலை, குளிர்ந்த உடம்பு, நெஞ்சில் கரகரப்பு. சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களின் பேச்சிலிருந்து எண்ணம் புரிந்துவிட்டால், 33ஆம் பிரிவின் கடமை அந்த நொடியிலேயே அவர் தோளில் ஏறிவிடுகிறது.

வண்டிக்குள் நடக்கும் பேச்சுக்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. மகன் முன்சீட்டில் பைலட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் பாட்டியும் இ.எம்.டி.யும் மட்டும். வீட்டில் தலையாட்டியவர் இங்கே வாய் திறக்கக்கூடும். பிறகு அவர் இறந்துபோய், அந்த மரணத்தின் காரணம் வழக்கில் கேள்வியாக வந்தால், தன் நிலைக்குக் காரணமாக அவர் சொன்னது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 26ஆம் பிரிவின்படி சாட்சியமாகும். மரண வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் வந்துதான் எழுத வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. யாரிடம் சொன்னாலும் செல்லும். சாகப்போகிறோம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நம் சட்டத்தில் இல்லை. நீதிமன்றம் எடை போடுவது நம்பகத்தன்மையை. அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே, நேரத்தோடு எழுதிவைத்த இ.எம்.டி.யின் குறிப்புக்கு அங்கே தனி மதிப்பு இருக்கும்.

இந்தக் கேள்வியை நம்மைவிட முன்னதாக எடுத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. அங்கும் குழந்தைகளிடமிருந்துதான் தொடங்கினார்கள். அடிபட்ட குழந்தைகளின் எலும்பு முறிவுகளைப் பற்றி 1962இல் டாக்டர் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் எழுதிய கட்டுரை வெளிவந்த ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும், மருத்துவர்கள் சந்தேகத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டன. முதியவர்களை அடிப்பது பற்றிய மருத்துவக் கடிதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வர 1975 ஆயிற்று. ஃபுளோரிடாவின் முதிய காங்கிரஸ் உறுப்பினர் கிளாட் பெப்பர் நாடாளுமன்றக் குழுவின் தலைவராக இருந்து இதை அரசியல் விவகாரமாக்கினார். 1980களில் மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் இயற்றின. பெரும்பாலும் குழந்தைச் சட்டத்தை எடுத்து, வயதை மாற்றிக்கொண்ட சட்டங்கள். அந்த அவசரத்தின் தழும்பு இன்றும் அவற்றில் தெரிகிறது.

கலிஃபோர்னியாவில் இ.எம்.டி.யும் பாராமெடிக்கும் கட்டாயம் தகவல் தர வேண்டியவர்களின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். 65 வயது நிரம்பியவரோ, பிறரைச் சார்ந்து வாழும் 18 முதல் 64 வயதுக்காரரோ கொடுமைக்கு ஆளாவதாகச் சந்தேகம் எழுந்தால் உடனே தொலைபேசியில், இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 டாலர் வரை அபராதம்; வேண்டுமென்றே மறைத்து அதனால் உயிர் போனால் தண்டனை கூடும். மேலதிகாரி தடுப்பதும் குற்றம். டெக்சாஸில் பட்டியலே கிடையாது. சந்தேகம் வந்த எவரும் சொல்ல வேண்டும். நியூயார்க்கோ பொதுவாக அப்படியொரு கடமையை யார்மீதும் வைக்கவில்லை. அந்த மாநிலத்தில் 2011இல் வந்த ஆய்வு, அதிகாரிகளுக்குத் தெரியவரும் ஒவ்வொரு கொடுமைக்கும் தெரியாமல் போவது ஏறத்தாழ 24 என்று கணக்கிட்டது. கட்டாயச் சட்டம் இல்லாததால்தான் இப்படி என்று சொல்லிவிடத் தோன்றும். டெக்சாஸின் அனுபவம் அந்த முடிவை ஏற்க விடவில்லை.

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகர ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் பிராட் கேனலும் சக ஆய்வாளர்களும் பேசினார்கள். சட்டம் அங்கே எல்லோரையும் கட்டுகிறது, மீறினால் சிறை வரை போகலாம். அப்படியும் பலர் சொல்லாமலேயே போய்க்கொண்டிருந்தார்கள். காரணங்கள் நமக்குப் பழகியவை. எது கொடுமை, எது வறுமை, எது முதுமை என்று பிரிக்கத் தெரியவில்லை. பயிற்சியில் சொல்லித்தரவில்லை. புகார் எண்ணில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். சொன்ன பிறகு என்ன ஆனது என்று யாரும் திரும்பச் சொல்லவில்லை. இந்தக் கடைசிக் காரணம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிணற்றில் போட்ட கல்லாகப் போகும் புகாரை மனிதர் இரண்டு முறை கொடுப்பார், மூன்றாம் முறை கொடுக்க மாட்டார்.

பிறகு அவர்கள் ஒரு சிறு வேலை செய்தார்கள். வீட்டுச் சூழலையும் முதியவரின் உடலையும் கவனிப்பவரின் நடத்தையையும் பற்றிய கேள்விகளை, ஊழியர்கள் எப்படியும் நிரப்பியாக வேண்டிய மின்பதிவிலேயே சேர்த்தார்கள். பார்த்ததற்கு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும்; தீர்ப்பு எதுவும் எழுத வேண்டியதில்லை. ஐந்து வாரச் சோதனையில் புகார்கள் முன்பிருந்ததைவிட மூன்று மடங்கைத் தாண்டின. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாறியது படிவம். இதை ஓரளவு முன்னுணர்ந்ததுபோல, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1991லேயே ஓர் அறிக்கையில், கொடுமையைக் கண்டுபிடிப்பதில் கட்டாயப் புகார்ச் சட்டத்தைவிட மக்களுக்கும் தொழில்முறையாளருக்கும் உள்ள விழிப்புணர்வே அதிகம் பயன்படுவதாக மாநில அதிகாரிகள் கருதுகிறார்கள் என்று எழுதியிருந்தது.

எதைப் பார்க்க வேண்டும் என்பதிலும் இன்று கைவசம் அறிவு இருக்கிறது. முதியவர் உடம்பில் கன்றிய காயம் சர்வசாதாரணம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குக் கட்டில் விளிம்பு பட்டாலே போதும். லாரா மோஸ்கெடா என்ற மருத்துவரின் குழு 2005இல் நூறு முதியவர்களைத் தினந்தோறும் பரிசோதித்தது. தற்செயலாக ஏற்பட்ட கன்றல்களில் பத்தில் ஒன்பது கைகால்களில் இருந்தன. கழுத்து, காது, புட்டம், உள்ளங்கால் ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்து நாளைக் கணிக்கலாம் என்ற பழைய பாடமும் அங்கே உடைந்தது. மஞ்சள் நிறம் முதல் நாளிலேயே தெரிந்த காயங்கள் இருந்தன. நம்முடைய கறுத்த தோலில் நிறம் இன்னும் ஏமாற்றும். அதே குழுவினர் 2009இல், அடிபட்டது உறுதியான முதியவர்களை ஆராய்ந்தபோது கன்றல்கள் பெரிதாக, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி, முகத்திலும் முதுகிலும் வலது கையின் வெளிப்பக்கத்திலும் இருந்தன. தற்செயலாகக் கன்றியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் நினைவில்லை. அடிபட்டவர்களில் பெரும்பாலோர், நினைவு மங்கியவர்களும் சேர்த்து, எப்படி வந்தது என்று சொன்னார்கள். கேட்டால் சொல்கிறார்கள். மகனில்லாத இடத்தில், அவசரப்படாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்ட பிறகு வருவதுதான் உண்மையான சிக்கல். “எம் புள்ள மேல கேஸ் கீஸ் போட்ராதப்பா, அவன் குடிச்சாத்தான் அப்பிடி” என்று அந்தத் தாய் சொன்னால் என்ன செய்வது? பதினேழு வயதுக்காரியின் விருப்பத்தை மீறிப் புகார் தரச் சட்டம் சொல்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. எழுபத்தொரு வயதுக்காரி குழந்தையில்லை. பிள்ளைகளை வளர்த்தவர், நிலபுலம் பார்த்தவர், ஓட்டுப் போடுகிறவர். அவர் மூளை தெளிவாக இருக்கும்போது அவர் சொல்லைத் தாண்டிப் போவது, பாதுகாப்பு என்ற பெயரில் அவரை இன்னொரு முறை சிறுமைப்படுத்துவது. குழந்தைச் சட்டத்தில் வயதை மட்டும் மாற்றிய மாநிலங்கள் இங்கேதான் இடறின. புகார் போன பிறகும் அரசின் உதவியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே தெளிந்த மனமுள்ள முதியவருக்கு உண்டு. புகாரைத் தடுக்கும் உரிமையை மட்டும் பல மாநிலங்கள் அவருக்குத் தருவதில்லை.

வழக்கு வேண்டாம் என்பதற்குப் பாசம் மட்டுமே காரணமில்லை. மகன் லாக்கப்பில் இருக்கும் இரவு அவருக்கு யார் கஞ்சி ஊற்றுவது? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் தனியாக வாழ முடியாது. கவனிக்காமல் விட்டதாகத் தெரியும் பல வீடுகளில், கவனிக்க ஒரே ஒரு மருமகள். அவளும் காலையில் நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விட்டு வருகிறாள். அவள் வீடு திரும்பும்போது படுக்கைப் புண்ணில் ஈ மொய்க்கிறது. இதைக் குற்றமாகப் பதிவு செய்ய காவல் துறையால் முடியும். புண்ணைக் குறைக்க ஒரு காற்று மெத்தையும் வாரம் இருமுறை வரும் செவிலியரும்தான் வேண்டும்.

இங்கிலாந்து இதை வேறு வழியில் பார்த்தது. ஆம்புலன்ஸ் ஊழியர் சொல்லாவிட்டால் சிறை என்ற சட்டம் அங்கே இல்லை. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 42ஆம் பிரிவில் கடமையை உள்ளாட்சியின்மீது வைத்தது. கவனிப்புத் தேவைப்படும் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் கிடைத்தால், உள்ளாட்சி விசாரித்தே ஆக வேண்டும். முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே ஒருவரைக் கருத வேண்டும், இல்லையென்றால் அதை நிரூபிக்க வேண்டும் என்கிற 2005ஆம் ஆண்டின் சட்டம் அதற்குத் துணை. அமெரிக்க மாநிலங்கள் சொல்பவரை முதலில் கட்டின, இங்கிலாந்து கேட்பவரைக் கட்டியது. அங்கும் தவறுகள் நடக்கின்றன, விசாரணை அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இருந்தாலும் எனக்கு இரண்டாவது வழியே சரியாகப் படுகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஓடும், ஒப்பந்தச் சம்பளக்காரரான, அதே வட்டாரத்தில் நாளைக்கும் வண்டியோடு போயாக வேண்டிய ஒருவரைச் சிறையைக் காட்டி மிரட்டுவதால் என்ன கிடைக்கும்? பயத்தில் எல்லாவற்றையும் புகாராக்குவார், அல்லது எதையும் பார்க்காதவர்போல் இருந்துவிடுவார்.

ஆச்சரியம் என்னவென்றால், இங்கிலாந்தின் அந்த வடிவம் நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 7ஆம் பிரிவைத் தளர்ந்த பிரிவு என்று மேலே சொன்னேன். தகவல் தருபவருக்குத்தான் அது தளர்வு. தகவலைப் பெறும் நிர்வாக நடுவர் கொடுமையை நிறுத்தவோ தடுக்கவோ உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். மீட்கவும், பாதுகாப்பான இடத்தில் வைக்கவும், பராமரிப்புக்கு வழி செய்யவும் அவரால் உத்தரவிட முடியும். நிர்வாக நடுவர் என்றால் நம் ஊரில் வட்டாட்சியரும் கோட்டாட்சியரும்தான். இன்னொன்று, இந்தப் பிரிவுக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் கேட்கும் சலுகைகளுக்குச் சட்டம் தனிச் சொல்லை வைத்திருக்கிறது. 7ஆம் பிரிவு பேசுவது நீண்டகாலக் குறைபாட்டால் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாத எவரையும் பற்றி. பக்கவாதம், பார்க்கின்சன், இடுப்பு முறிந்து ஆண்டுக்கணக்கில் படுக்கை, கண் தெரியாமை, காது கேளாமை என்று 108 ஊழியர் உள் அறைகளில் காணும் முதியவர்களில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறார்கள். 2007ஆம் ஆண்டின் சட்டம் விட்டுவைத்த ஓட்டையை, அதைப் பற்றி நினைக்காமலேயே எழுதப்பட்ட இன்னொரு சட்டம் பாதி அடைத்திருக்கிறது.

மூத்த குடிமக்கள் சட்டத்துக்கு 2019இல் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் முதியோருக்கென ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும் என்றது. அது சட்டமாகவில்லை. மறுபடி கொண்டுவந்தால் பொறுப்பை காவல் நிலையத்தில் வைப்பதைவிட 7ஆம் பிரிவின் வடிவத்தை அப்படியே எடுத்து முதியோருக்கும் விரிப்பது நல்லது. முடிவெடுக்கும் திறன் இழந்தவர் என்றால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். திறன் உள்ளவர் என்றால் அவரைக் கேட்டு, அவர் ஒப்புதலோடு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் இ.எம்.டி.யின் பெயரில் போகாமல் 108 கட்டுப்பாட்டு மையத்தின் பெயரில் போக வேண்டும். இது சிறிய விஷயமாகத் தெரியலாம். அதே கிராமத்துக்கு மறுவாரம் வண்டியை எடுத்துப்போக வேண்டியவருக்குச் சிறிய விஷயமில்லை. அவசர மருத்துவத் தொழில்நுட்பரை முறைப்படியான தொழிலாக ஏற்ற 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்தின்கீழ் பாடத்திட்டமும் நடத்தை விதிகளும் வகுக்கும்போது இதையும் சேர்க்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இந்தப் பிரிவுகளையெல்லாம் அடுக்கிப் பார்த்ததில் நான் கண்டது. பி.சி.ஆர். என்று இ.எம்.டி.க்கள் சொல்லும் நோயாளிப் பதிவில் ஐந்தாறு கட்டங்கள் கூட்ட எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அவசரப் பிரிவு மருத்துவர் அதைப் பார்த்தால் ஏ.ஆரில் எழுதுவது மாறும். 14567 என்ற மூத்தோர் உதவி எண் 2021 முதல் நாடெங்கும் இருக்கிறது. கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அதற்கொரு நேர்வழி போட்டுவிடலாம். கஷ்டம் அதற்கு அடுத்த படியில். 108 மையத்திலிருந்து 7ஆம் பிரிவைக் குறிப்பிட்டு முதல் கடிதம் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரும் காலையில், அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது, எந்தப் பிரிவு எழுத்தரிடம் கொடுப்பது, வருவாய் ஆய்வாளரை அனுப்புவதா சமூகநலத் துறைக்குத் தள்ளிவிடுவதா என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் கேள்விக்கான விடையை மாவட்ட ஆட்சியர் ஒரு பக்கச் சுற்றறிக்கையில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். 2007ஆம் ஆண்டின் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தை அரசு ஆட்சியருக்கு வழங்கலாம் என்று அதன் 22ஆம் பிரிவு சொல்லி ஏறக்குறைய இருபது வருடம் ஆகப்போகிறது.